வீட்டுக் கைமின்விளக்கு

வீட்டுக் கைமின்விளக்கு என்பது மின்கலங்களின் ஆற்றலால் ஒளிர்வதும், ஒரு கையால் பிடித்துச் செல்லத்தக்கதும், இல்லங்களில் அன்றாடத் தேவைக்கும் அவசரத் தேவைக்கும் வைத்திருக்கப்படுவதுமான சிறிய மின்விளக்கு ஆகும். பேச்சு வழக்கில் இது டார்ச் லைட், பேட்டரி லைட் எனவும், இலங்கையில் டோர்ச் எனவும் அழைக்கப்படுகின்றது. மின்தடையின்போது வீட்டுக்குள் நடமாடுதல், இரவில் தோட்டத்துக்கும் கிணற்றடிக்கும் செல்லுதல், பாம்பு முதலியவற்றைக் கண்டு விலகுதல் ஆகியவை இதன் முதன்மையான பயன்களாகும்.

வீட்டுக் கைமின்விளக்கின் தரத்தை அதன் ஒளியின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. பல வாரங்கள் தொடப்படாமல் மாடத்தில் கிடந்த பின்னரும், தேவைப்படும் இரவில் முதல் அழுத்தலிலேயே எரிதல் என்பதே அதன் முதன்மைப் பண்பாகும். இக்கட்டுரை தமிழ்நாட்டின், குறிப்பாகத் திண்டுக்கல் நகரம் மற்றும் அதனைச் சூழ்ந்த சமவெளிப் பகுதியின் பயன்பாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நம்பகமான கைமின்விளக்கின் அமைப்பு, தேர்வு, பராமரிப்பு ஆகியவற்றை விளக்குகின்றது.

பெயர்

ஆங்கிலத்தில் டார்ச் என்ற சொல் முதலில் தீப்பந்தத்தையே குறித்தது. பிரித்தானிய ஆங்கிலத்தின் வழியாக இச்சொல் மின்விளக்குக்கும் ஆகி, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. அமெரிக்காவில் இது ஃபிளாஷ் லைட் எனப்படும். தொடக்ககால மின்கலங்கள் வலுவற்றவையாக இருந்தமையால் விளக்கைத் தொடர்ந்து எரியவிட இயலவில்லை. விட்டு விட்டு மின்னச் செய்தே பயன்படுத்தினர். அதனால் "மின்னும் விளக்கு" என்ற பொருளில் அப்பெயர் அமைந்தது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தடித்த உருளை மின்கலம் "கட்டை" எனப்படுவதுண்டு. இரண்டு மின்கலங்கள் கொண்டது இரண்டு கட்டை லைட், மூன்று கொண்டது மூன்று கட்டை லைட் எனப்படும். கட்டைகளின் எண்ணிக்கையே நீண்ட காலம் விளக்கின் ஆற்றலைக் குறிக்கும் அளவுகோலாக மக்களிடையே விளங்கியது.

வரலாறு

உலகில்

1880களின் பிற்பகுதியில் செருமானியரான கார்ல் காஸ்னர் நீர்மம் சிந்தாத உலர்மின்கலத்தை உருவாக்கியமை கைமின்விளக்குக்கு வழிவகுத்தது. டேவிட் மிசெல் என்பவர் வடிவமைத்த, குழாய் வடிவக் கைமின்விளக்குக்கு 1899 சனவரி 10 அன்று அமெரிக்காவில் காப்புரிமம் வழங்கப்பட்டது. அவர் பணிபுரிந்த நிறுவனத்தை நடத்தியவர் கான்ராட் ஹூபர்ட் ஆவார். அந்நிறுவனமே பின்னர் எவர் ரெடி என்ற பெயரைப் பெற்றது. முதலில் கரி இழைக் குமிழ்களும், 1910க்குப் பின்னர் தங்குதன் இழைக் குமிழ்களும் பயன்பட்டன.

1962 இல் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு ஒளி தரும் ஒளியுமிழ் இருமுனையத்தை உருவாக்கினார். நீல ஒளி தரும் இருமுனையம் 1990களில் நடைமுறைக்கு வந்த பின்னரே வெள்ளொளி இருமுனையம் இயன்றது. நீல ஒளி இருமுனையத்துக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெள்ளொளி இருமுனையம் 2000களில் கைமின்விளக்குகளில் இழைக் குமிழ்களின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

இந்தியாவில்

எவரெடி மின்கலங்கள் 1905 முதல் இந்தியாவில் விற்கப்பட்டு வருகின்றன. இந்நிறுவனம் 1934 இல் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டு, கொல்கத்தாவில் முதல் மின்கலத் தொழிற்சாலையையும், 1950களில் சென்னையில் மற்றொன்றையும் அமைத்தது. கைமின்விளக்குத் தொழிற்சாலை 1958 இல் இலக்னோவில் தொடங்கப்பட்டது. 1959 இல் நிறுவனத்தின் பெயர் யூனியன் கார்பைடு இந்தியா என மாற்றப்பட்டது. 1984 திசம்பரில் நச்சு வளிமக் கசிவு ஏற்பட்ட போபால் பூச்சிக்கொல்லி ஆலை இந்நிறுவனத்தினுடையதே ஆகும். 1994 இல் நிறுவனம் கைமாறிய பின்னர் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் இந்தியா எனப் பெயர் பெற்றது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தோ நேசனல் நிறுவனம் 1972 இல் தொடங்கப்பட்டது. இதன் நிப்போ மின்கலங்கள் தென்னிந்தியாவில் பரவலாக அறியப்பட்டவை. அலகாபாத்தில் இயங்கிய ஜீப் நிறுவனத்தின் கைமின்விளக்குகளும் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தன. பித்தளைக் குழாயில் வெள்ளி நிறப் பூச்சிட்ட இரண்டு கட்டை, மூன்று கட்டை விளக்குகளே இக்காலத்தின் அடையாளமாகும். இவற்றின் பின்மூடியில் தொங்கவிடுவதற்கான வளையமும், சிலவற்றில் மூடியின் உட்புறத்தில் மாற்றுக் குமிழ் வைக்கும் இடமும் இருந்தன.

திண்டுக்கல் பகுதியில் பயன்பாடு

திண்டுக்கல் நகரம் கிழக்கே சிறுமலைக்கும் தென்மேற்கே பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்துள்ளது. சுற்றுப்புறம் பெரும்பாலும் செம்மண் நிலமாகும். கிணற்றுப் பாசனத்தில் காய்கறியும் பூக்களும் பயிராகின்றன. இப்பகுதியில் கைமின்விளக்கு கீழ்க்காணும் சூழல்களில் தேவைப்படுகின்றது.

* மும்முனை மின்சாரம்: தமிழ்நாட்டில் வேளாண் மின்னேற்றிகளுக்கான மும்முனை மின்சாரம் நீண்ட காலம் பகல், இரவு என முறை வைத்து வழங்கப்பட்டது. இரவு முறை வரும்போது உழவர்கள் நள்ளிரவிலும் கிணற்றடிக்குச் சென்று மோட்டாரை இயக்கி, வரப்பில் நடந்து மடை மாற்ற வேண்டியிருந்தது.
* பூப்பறித்தல்: நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகை மொட்டுகள் மலர்வதற்கு முன் பறிக்கப்பட வேண்டும். விடியலுக்கு முன் வயலில் இறங்குவோருக்கு இரு கைகளும் தேவைப்படுவதால் தலையில் கட்டும் விளக்கு ஏற்றதாகும்.
* பாதயாத்திரை: தைப்பூசக் காலத்தில் பழனிக்கு நடந்து செல்லும் அடியவர்கள் வெயிலைத் தவிர்க்க இரவில் நடப்பதுண்டு. அவர்களுக்குப் பாதையைக் காண்பதற்கும், வாகன ஓட்டுநர் கண்ணில் படுவதற்கும் விளக்கு பயன்படுகின்றது.
* மின்தடை: 2008 இன் பிற்பகுதி முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் கடும் மின்பற்றாக்குறை நிலவியது. 2012 இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது.
* புயல்: 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து உள்மாவட்டங்கள் வழியாக மேற்கு நோக்கி நகர்ந்தது. கடற்கரையிலிருந்து தொலைவில் உள்ள திண்டுக்கல் மாவட்டத்திலும் மரங்கள் சாய்ந்து மின்வழங்கல் தடைப்பட்டது.

2012 இன் மின்வெட்டு ஒரு பாடத்தையும் கற்பித்தது. மின்னேற்றம் செய்து பயன்படுத்தும் விளக்குகள் அதிகம் தேவைப்பட்ட நாள்களிலேயே அவற்றுக்கு மின்னேற்றம் செய்யப் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை. கடையில் வாங்கிப் போடும் உலர்மின்கல விளக்குகளுக்கு இக்குறை இல்லை.

பாம்புக்கடியும் ஒளியும்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக 2020 இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இறந்தோரில் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்வோர் ஆவர். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் இந்தியாவில் மிகுதியான உயிரிழப்பை ஏற்படுத்தும் பாம்புகளாகும். இவற்றுள் கட்டுவிரியன் இரவில் இயங்குவது. வீட்டுக்குள் நுழைந்து தரையில் உறங்குவோரைக் கடிப்பதும் உண்டு. இதன் கடியில் வலி மிகக் குறைவாக இருக்கலாம் என்பதால் கடிபட்டவர் அதனை உணராமலே மீண்டும் உறங்கிவிடும் ஆபத்து உள்ளது. கண்ணாடிவிரியன் பழுப்பு நிற உடலும் கரும்பழுப்புப் புள்ளிகளும் கொண்டது. காய்ந்த சருகின் மீது அசையாமல் கிடக்கும்போது மங்கிய ஒளியில் அதனைப் பிரித்தறிதல் கடினம்.

இரவில் நடக்கும்போது விளக்கைப் பயன்படுத்துமாறு உலக சுகாதார நிறுவனத்தின் பாம்புக்கடித் தடுப்பு வழிகாட்டல்கள் கூறுகின்றன. இதனைப் பின்பற்றும்போது கவனிக்க வேண்டியவை:

* ஒளியைத் தொலைவில் பாய்ச்சாமல், காலடிக்கு முன் இரண்டு முதல் மூன்று மீட்டர் வரையுள்ள தரையில் விழச் செய்தல் வேண்டும்.
* கட்டிலை விட்டோ பாயை விட்டோ இறங்கும் முன் விளக்கை எரியவிட்டுத் தரையைப் பார்க்க வேண்டும். இதற்கு விளக்கு படுக்கையிலிருந்து கையெட்டும் தொலைவில் இருத்தல் இன்றியமையாதது.
* விறகு, வைக்கோல், செங்கல் அடுக்கு ஆகியவற்றில் கை வைக்கும் முன் ஒளி பாய்ச்சிப் பார்த்தல் வேண்டும்.
* செருப்பை அணியும் முன் அதனுள்ளும் பார்த்தல் நன்று.

கடி நேர்ந்தால் கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 அவசர ஊர்தியை அழைத்து, நச்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரைந்து செல்ல வேண்டும். பாம்பைத் தேடுவதில் நேரத்தைச் செலவிடக்கூடாது.

அமைப்பும் இயக்கமும்

கைமின்விளக்கு ஒரு எளிய மின்சுற்று ஆகும். மின்கலங்கள், ஒளிமூலம், சுவிட்சு எனப்படும் ஆளி, இவற்றை இணைக்கும் தொடுமுனைகள் ஆகியவை அதன் உறுப்புகளாகும். உலோகக் குழாய் விளக்குகளில் குழாயே மின்சுற்றின் ஒரு கம்பியாகச் செயற்படும். பின்மூடியில் உள்ள சுருள்வில் மின்கலங்களை முன்னோக்கி அழுத்தித் தொடர்பை உறுதி செய்கின்றது. ஒளிமூலத்தைச் சுற்றியுள்ள குழிவான எதிரொளிப்பி ஒளியைக் கற்றையாகத் திரட்டுகின்றது.

இரண்டு கட்டை இழைக்குமிழ் விளக்கில் பொதுவாக 2.5 வோல்ட்டு, 0.3 ஆம்பியர் குமிழ் பயன்பட்டது. இது 0.75 வாட்டு ஆற்றலை எடுத்துக்கொண்டு, அதன் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிட்டது. ஒளியுமிழ் இருமுனையம் அதே ஆற்றலில் பல மடங்கு ஒளியைத் தரவல்லது. மேலும் இழைக்குமிழ் கீழே விழுந்தால் இழை அறுந்துவிடும். இருமுனையத்தில் அறுவதற்கு இழை இல்லை. ஆகவே இன்று வீட்டுக்கு இழைக்குமிழ் விளக்கைப் புதிதாக வாங்க வேண்டிய காரணம் இல்லை எனலாம்.

வெள்ளொளி இருமுனையம் ஒளிர ஏறத்தாழ 3 வோல்ட்டு தேவை. இரண்டு புதிய உலர்மின்கலங்கள் இதனைத் தரினும், அவை தேயும்போது மின்னழுத்தம் 2 வோல்ட்டு வரை குறையும். அப்போது மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு மின்சுற்று இல்லாத விளக்கு, மின்கலத்தில் ஆற்றல் மீதமிருந்தும் மங்கிவிடும். விலை குறைந்த விளக்குகளில் மூன்று சிறு மின்கலங்கள் இடப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

மின்கல வகைகள்

வகை | மின்னழுத்தம் | பயன்படுத்தாமல் வைத்தல் | குறிப்பு
துத்தநாக-கார்பன் உலர்மின்கலம் | 1.5 வோல்ட்டு | இரண்டு, மூன்று ஆண்டுகள் | மலிவானது, எங்கும் கிடைக்கும், தேய்ந்தபின் கசியும்
காரமின்கலம் | 1.5 வோல்ட்டு | ஐந்து ஆண்டுகளுக்கு மேல் | நீடித்து உழைக்கும், விலை மிகுதி, இதுவும் கசியக்கூடும்
நிக்கல்-உலோக ஐதரைடு | 1.2 வோல்ட்டு | வகைக்கேற்பச் சில வாரங்கள் முதல் ஓராண்டுக்கு மேல் | மீள மின்னேற்றத்தக்கது; தனி மின்னேற்றி தேவை
மூடிய ஈய-அமிலக் கலம் | 4 வோல்ட்டு | இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்னேற்ற வேண்டும் | விலை குறைந்த மின்னேற்ற விளக்குகளில் உள்ளது
இலித்தியம்-அயனி | 3.7 வோல்ட்டு | ஆறு மாதங்கள் வரை | எடை குறைவு, ஆற்றல் மிகுதி. கவனமாகக் கையாள வேண்டும்

ஈய-அமிலக் கலம் தேர்வில் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதாகும். முழுதும் தீர்ந்த நிலையில் இதனை விட்டுவைத்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேட்டு படிகமாகப் படிந்து, பின்னர் மின்னேற்றத்தை ஏற்காது. "மழைக்காலத்துக்கு உதவும்" எனக் கோடையில் வாங்கி அலமாரியில் வைக்கப்படும் விளக்கு, ஐப்பசியில் எடுக்கும்போது எரியாமற் போவதற்கு இதுவே பொதுவான காரணம். வெப்பம் மிகுந்தால் இச்சிதைவு மேலும் விரைவுபடும்.

இலித்தியம்-அயனிக் கலங்களில் போலி அளவீடுகள் மிகுதி. 18650 எனக் குறிக்கப்படும் கலம் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. இவ்வளவில் தரமான நிறுவனங்கள் தரும் கொள்ளளவு பொதுவாக 3,500 மில்லியம்பியர்-மணியை ஒட்டியே அமையும். இதே அளவுக் கலத்தின் மீது 8,000 அல்லது 9,800 என அச்சிடப்பட்டிருந்தால் அவ்வெண் மெய்யானது அன்று. அவ்வாறு அச்சிடும் தயாரிப்பாளரின் பாதுகாப்பு உறுதிமொழிகளையும் நம்ப இயலாது.

எரியாமைக்கான காரணங்கள்

விளக்கு எரியாதபோது குமிழையோ மின்கலத்தையோ குறை கூறுவது வழக்கம். எனினும் பெரும்பாலான பழுதுகள் எளியவை.

1. தொடுமுனைத் துரு: சுருள்வில்லிலும் மின்கல முனையிலும் பச்சை அல்லது வெண்ணிறப் பூச்சு படிந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். தட்டினால் எரிந்து, விட்டால் அணையும் விளக்கு இவ்வகையைச் சேர்ந்தது.
2. மின்கலக் கசிவு: துத்தநாக-கார்பன் மின்கலத்தின் வெளிக்கூடே அதன் எதிர்முனையாகும். வேதிவினையில் கூடு அரிக்கப்பட்டு ஓட்டை விழும்போது உள்ளிருக்கும் கரைசல் வெளியேறிச் சுருள்வில்லை அரிக்கின்றது.
3. ஆளிப் பழுது: நகர்த்தும் ஆளியின் மெல்லிய பித்தளைத் தகடு காலப்போக்கில் வளைந்து தொடர்பை இழக்கும்.
4. தற்செயலாக எரிதல்: பைக்குள்ளோ இழுப்பறையிலோ ஆளி அழுந்தி, யாரும் அறியாமல் மின்கலம் தீர்ந்துவிடும்.
5. கலப்பு மின்கலம்: புதிய மின்கலத்துடன் பழையதைச் சேர்த்தால், முதலில் தீரும் பழைய கலத்தின் வழியாகப் புதியது மின்னோட்டத்தைச் செலுத்தும். இதனால் பழையது விரைவில் கசியும்.
6. இடம் தெரியாமை: விளக்கு பழுதின்றி இருந்தும் இருட்டில் அகப்படாமற் போதல். இதனையும் பழுதாகவே கருத வேண்டும்.

தேர்வு செய்தல்

ஒளி அளவீடுகள்

விளக்கு வெளியிடும் மொத்த ஒளி லூமென் அலகில் குறிக்கப்படும். ஒப்பீட்டுக்காக, 40 வாட்டு இழைக்குமிழ் ஏறத்தாழ 400 லூமென் தருவது. வீட்டுக்குள் நடமாட 20 முதல் 50 லூமென் போதுமானது. வரப்பிலும் தோட்டத்திலும் நடக்க 100 லூமென் அளவு நிறைவானது. இதற்கு மேற்பட்ட ஒளி மின்கலத்தை விரைவாகத் தீர்ப்பதுடன், அருகிலுள்ள சுவரில் பட்டுக் கண்ணையும் கூசச் செய்யும்.

2009 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட எஃப்.எல். 1 என்னும் தரநிலை இவ்வளவீடுகளை ஒழுங்குபடுத்தியது. இதன்படி எரியும் காலம் என்பது ஒளி தொடக்க அளவில் 10 விழுக்காடாகக் குறையும் வரையான நேரமாகும். எனவே "10 மணி நேரம்" எனக் குறிக்கப்பட்ட விளக்கு பத்து மணி நேரமும் ஒரே சீராக எரியும் எனக் கொள்ளலாகாது. அதேபோல் பாயும் தொலைவு என்பது ஒளி 0.25 லக்சாகக் குறையும் தொலைவாகும். இது முழுநிலவின் ஒளியை ஒத்தது. தொலைவை இரட்டிப்பாக்கக் கற்றையின் செறிவு நான்கு மடங்காக வேண்டும். ஆகவே பெட்டியின் மீது அச்சிடப்படும் கிலோமீட்டர்க் கணக்குகளை ஐயத்துடனே அணுக வேண்டும்.

நீலம் கலந்த வெள்ளொளியை விட, சற்று மஞ்சள் கலந்த ஒளியில் மண், சருகு, பாம்பின் தோல் ஆகியவற்றின் நிற வேறுபாடு எளிதில் புலப்படும். தூசியிலும் பனியிலும் அது குறைவாகவே சிதறிக் கூசும்.

கடையில் சோதித்தல்

* ஆளியை இருபது முறையாவது இயக்கிப் பார்க்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் அவ்விளக்கைத் தவிர்த்தல் நன்று.
* எரியும் நிலையில் உள்ளங்கையில் தட்ட வேண்டும். ஒளி நடுங்கினால் தொடுமுனைகள் தளர்வானவை எனப் பொருள்படும்.
* பின்மூடியைத் திறந்து சுருள்வில்லின் தடிப்பையும் திருகுமரையின் பிடிப்பையும் பார்க்க வேண்டும். மூடி இறுகும் இடத்தில் இரப்பர் வளையம் இருந்தால் மழையில் நீர் புகாது.
* வெற்றுச் சுவரில் ஒளி பாய்ச்சிக் கற்றையின் நடுவில் கரும்புள்ளி உள்ளதா எனக் காண வேண்டும்.
* நீர்காப்புக்கு ஐ.பி. எண் குறிக்கப்பட்டிருக்கலாம். ஐ.பி.எக்ஸ். 4 என்பது எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். சாதாரண வீட்டுப் பயனுக்கு முன்னதே போதுமானது.
* இலித்தியம் கலம் கொண்டதாயின், அக்கலங்களுக்கான ஐ.எஸ். 16046 இந்தியத் தரநிலையின் பதிவுக் குறி உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
* அவ்விளக்குக்கான மின்கலம் ஊரிலுள்ள பெட்டிக்கடையில் கிடைக்குமா என்பது முதன்மையான கேள்வியாகும். பெருநகரிலிருந்தோ இணையம் வழியாகவோ வரவழைக்க வேண்டிய மின்கலம், புயல் நாளில் இல்லாத மின்கலத்துக்கு ஒப்பானது.

ஆளியின் எளிமை

பல விளக்குகளில் ஒரே பொத்தானை அடுத்தடுத்து அழுத்தினால் மிகுஒளி, குறையொளி, துடிப்பொளி என நிலைகள் மாறும். முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டில், எரிதல், அணைதல் என்னும் இரு நிலைகள் மட்டும் கொண்ட விளக்கே சிறந்தது. மின்னணு ஆளிகள் சில, அணைந்த நிலையிலும் மிகச் சிறு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் வைத்திருக்கும் விளக்குக்கு இது குறையாகும். நகர்த்தும் ஆளியில் இக்குறை இல்லை.

இரு விளக்கு முறை

ஒரே விளக்கு எல்லாத் தேவைகளுக்கும் பொருந்துவதில்லை. அன்றாடம் தோட்டத்துக்குச் செல்ல மின்னேற்ற விளக்கு ஒன்றும், எவரும் எடுக்காமல் குறித்த இடத்தில் இருக்கும் உலர்மின்கல விளக்கு ஒன்றும் வைத்திருத்தல் நடைமுறைக்கு உகந்தது. மின்னேற்ற விளக்கு நாள்தோறும் பயன்படுவதால் அதன் கலம் கெடுவதில்லை. உலர்மின்கல விளக்கு மின்சாரத்தை எதிர்பார்ப்பதில்லை.

பராமரிப்பு

* மாதம் ஒருமுறை விளக்கை எரியவிட்டுப் பார்க்க வேண்டும். அமாவாசை போன்ற ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் மறவாது.
* மின்கலங்கள் அனைத்தையும் ஒருசேர மாற்ற வேண்டும். மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி விளக்கில் ஒட்டிவைக்கலாம்.
* நெடுநாள் வைத்திருக்கும் விளக்கில் மின்கலங்களைக் கழற்றி அருகிலேயே வைத்தால் கசிவால் விளக்கு கெடாது. ஆனால் இருட்டில் அவற்றைப் பொருத்த வேண்டிவரும். படுக்கையருகே இருக்கும் விளக்கில் மின்கலங்களை இட்டே வைத்து, மாதந்தோறும் திறந்து பார்ப்பதே ஏற்றது.
* துருப்பிடித்த தொடுமுனையை உப்புத்தாளால் தேய்த்து உலர்ந்த துணியால் துடைக்கலாம். காரமின்கலக் கசிவைச் சிறிது எலுமிச்சைச் சாறு தோய்த்த துணியால் நீக்கி, பின்னர் நன்கு உலர்த்த வேண்டும். கசிந்த பொருளைக் கையால் தொடலாகாது.
* ஈய-அமில விளக்கைப் பயன்படுத்தாவிடினும் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்னேற்ற வேண்டும்.
* ஓடு அல்லது தகரக் கூரையின் அடியில், வெயில் இறங்கும் இடத்தில் விளக்கை வைக்கக்கூடாது.

தீர்ந்த மின்கலத்தை வெயிலில் காயவைத்து மீண்டும் இடும் வழக்கம் சிற்றூர்களில் உண்டு. வெப்பத்தால் வேதிவினை சற்று விரைவுபட்டு மின்கலம் சிறிது நேரம் எரிவது உண்மையே. ஆயினும் இழந்த ஆற்றல் மீள்வதில்லை, கசிவும் விரைவுபடும். மாறாக, விளக்குக்கு உதவாத மின்கலத்தைச் சுவர்க் கடிகாரத்துக்கோ சிறு வானொலிக்கோ மாற்றிப் பயன்படுத்துதல் அறிவியல் முறைப்படி சரியானதே ஆகும். அக்கருவிகளுக்கு மிகக் குறைந்த மின்னோட்டமே தேவை.

பாதுகாப்பு

விலை குறைந்த மின்னேற்ற விளக்குகள் பலவற்றில் மின்மாற்றி இல்லை. மின்தேக்கி ஒன்றின் வழியாகவே 230 வோல்ட்டு மின்சாரம் உள்ளே செல்கின்றது. எனவே மின்செருகியில் இணைத்த நிலையில் இவ்விளக்கைத் திறப்பதோ, ஈரக் கையால் தொடுவதோ, எரியவிட்டுப் பயன்படுத்துவதோ உயிருக்கு ஆபத்தானது. சிறுவர்க்கு எட்டாத உயரத்திலேயே மின்னேற்றம் செய்ய வேண்டும்.

வீங்கிய அல்லது சூடேறும் இலித்தியம் கலத்தை உடனே அப்புறப்படுத்த வேண்டும். தீர்ந்த மின்கலங்களை எரிப்பதோ கிணற்றருகே எறிவதோ கூடாது. 2022 இன் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் அளித்துள்ளன.

கைபேசி விளக்கு

2003 இல் வெளிவந்த நோக்கியா 1100 கைபேசியில் கைமின்விளக்கு இணைக்கப்பட்டிருந்தது. இந்தியச் சிற்றூர்களில் அது பெற்ற வரவேற்புக்கு அவ்விளக்கும் ஒரு காரணமாகும். இன்று ஏறத்தாழ எல்லாத் திறன்பேசிகளிலும் விளக்கு உள்ளது. வீட்டுக்குள் சாவித்துளையைத் தேட அது போதுமானதே. எனினும் அதன் ஒளி கற்றையாகக் குவியாது பரவுவதால் சில மீட்டருக்கு அப்பால் பயன்தராது. மழையில் எடுத்துச் செல்லவும் ஏற்றதன்று. அனைத்துக்கும் மேலாக, அவசர ஊர்தியை அழைக்க வேண்டிய கருவியின் மின்கலத்தையே அது தீர்க்கின்றது. ஆகவே கைபேசி விளக்கைத் துணையாகக் கொள்ளலாமே அன்றி, தனி விளக்குக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

பண்பாட்டில்

திரையரங்கில் படம் தொடங்கிய பின் வருவோருக்கு இருக்கை காட்டும் பணியாளர், இரவுக் காவலர் ஆகியோரின் அடையாளமாகக் கைமின்விளக்கு விளங்கியது. தீர்ந்த மின்கலத்தின் கரிக்கோல் சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் மக்கள் நீதி மய்யம் கட்சிக்குத் தேர்தல் ஆணையம் டார்ச் லைட் சின்னத்தை ஒதுக்கியது.

இவற்றையும் பார்க்க

* உலர்மின்கலம்
* ஒளியுமிழ் இருமுனையம்
* அரிக்கேன் விளக்கு
* பாம்புக்கடி
* திண்டுக்கல் மாவட்டம்

பகுப்புகள்: மின்விளக்குகள் | வீட்டுப் பொருள்கள் | மின்கலங்கள்